விமான மெக்கானிக் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப் பராமரிப்பில் 22 வருடம் ஓட்டியிருக்கிறேன். தெரிந்தவர் யார் வீட்டில் பிள்ளை பள்ளி முடித்தாலும் எனக்கு ஒரு போன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மெக்கானிக், டெக்னீஷியன், இன்ஜினியர் எல்லாம் ஒன்றுதானா?

செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்று, பெயர்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் மெக்கானிக் என்றால் அரசிடம் சான்றிதழ் வாங்கி, வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர். ஐரோப்பா, இந்தியா போன்ற இடங்களில் அதே ஆளை லைசென்ஸ் பெற்ற பராமரிப்பு இன்ஜினியர் என்பார்கள். அங்கே மெக்கானிக், டெக்னீஷியன் என்ற பெயர்கள் லைசென்ஸ் இல்லாமல் அவருக்குக் கீழே வேலை செய்பவருக்கு.

ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வேறு சமாச்சாரம். அது விமானத்தை வடிவமைக்கக் கற்றுத் தருகிற படிப்பு. அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு டயரை மாற்றிக் கையெழுத்துப் போட முடியாது. இது தெரியாமல் நான்கு வருடம் படித்துவிட்டு, "இப்போ என்ன சார் செய்வது?" என்று வந்து நின்றவர்கள் நிறையப் பேர்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

நீங்கள் லைனில் இருக்கிறீர்களா, ஹேங்கரில் (விமானத்தை உள்ளே நிறுத்திப் பழுதுபார்க்கும் கொட்டகை) இருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. இரண்டும் தனித்தனி உலகம்.

லைன் என்றால் விமான நிலையத்தில், விமானம் வந்து நின்று மறுபடி கிளம்புவதற்குள் செய்கிற வேலை. முக்கால் மணி நேரம் கிடைக்கும், சில சமயம் அதுவும் கிடைக்காது. ஹெட்லைட் போட்ட டிராக்டர்கள், கேட்டரிங் வண்டி, எரிபொருள் வண்டி எல்லாம் சுற்றி நிற்க, நீங்கள் டார்ச்சோடு ஒரு சுற்று வருவீர்கள். டயரில் வெட்டு இருக்கிறதா? எங்காவது எண்ணெய் வடிகிறதா? பறவை அடித்த தடம் தெரிகிறதா? பிரேக்கில் சின்னக் கம்பி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் தேயத் தேய அது உள்ளே போகும். பார்க்கிங் பிரேக் போட்ட நிலையில் கம்பி விளிம்போடு சமமாகிவிட்டால் பிரேக்கை மாற்ற வேண்டியதுதான். என்ஜின் எண்ணெயை நிறுத்திய கொஞ்ச நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் எண்ணெய் உள்ளுக்குள் வடிந்து, அளவு குறைந்த மாதிரி காட்டும். புதிதாக வந்தவர்கள் அதை நம்பித் தேவைக்கு மேல் ஊற்றிவிடுவார்கள்.

அப்புறம் டெக் லாக். பைலட் தன் புகாரை அதில் எழுதியிருப்பார். நேரத்துக்குள் சரிசெய்ய முடிந்தால் செய்து எழுதுவோம். முடியாவிட்டால், எந்தெந்தப் பாகம் பழுதாக இருந்தாலும் எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல் ஒன்று உண்டு. சிலவற்றுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10, முக்கியமில்லாதவற்றுக்கு 120 நாள்கூடக் கிடைக்கும். பட்டியலில் இல்லாத பாகம் பழுதென்றால் விமானம் நிற்கும். நிறுத்தும்போது 180 பயணிகளும் விமான நிலைய மேலாளரும் உங்களையே பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்கப் பழகுவதும் வேலையில் சேர்ந்ததுதான்.

ஹேங்கரில் இந்த அவசரம் இல்லை, வேறு விதமான அலுப்பு. சீட்டுகளைக் கழற்றி, தரைப் பலகையைத் தூக்கி, அடியில் துரு இருக்கிறதா என்று வாரக்கணக்கில் பார்ப்போம். டாய்லெட்டுக்கும் சமையல் பகுதிக்கும் அடியில்தான் துரு அதிகம். வருடக்கணக்காகச் சிந்திய காபியும் ஜூஸும் கழிவறை நீரும் போய்ச் சேருகிற இடம் அது. அந்த இடத்தை யார் திறப்பது என்று ஹேங்கரில் சீட்டுக் குலுக்காத குறைதான்.

ஏ செக், சி செக் என்கிறார்களே, என்ன அது?

பராமரிப்பு ஆழத்துக்கு வைத்த பெயர். ஏ செக் சில நூறு பறப்பு மணிக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஓர் இரவில் முடியும். சி செக் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வாரக்கணக்கில் ஓடும். ஆறிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்குள் ஒருமுறை கனமான செக் வரும், அப்போது விமானத்தைக் கிட்டத்தட்ட எலும்புக்கூடாக ஆக்கிவிடுவோம். பி செக் பெரும்பாலான இடங்களில் மற்றவற்றோடு கலந்துவிட்டது.

லைசென்ஸ் வாங்குவது எப்படி?

உலகத்தில் பெரிதாக இரண்டு வழக்கம்.

அமெரிக்க முறையில் உடற்பகுதிக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று என இரண்டு தகுதிகள். இரண்டும் சேர்ந்ததை ஏ அண்ட் பி (A&P) என்பார்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஆங்கிலம் படிக்க, எழுத, பேச வர வேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்கலாம். படிக்காமலே வேலை அனுபவத்தை வைத்தும் போகலாம்: ஒரு தகுதிக்கு 18 மாதம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு மூன்றும் உண்டு. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் கடந்த 24 மாதத்தில் 6 மாதமாவது வேலை செய்திருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும்.

ஐரோப்பிய முறையில் பிரிவுகள் அதிகம். சின்ன வேலைகளுக்கு ஏ. உடற்பகுதி, என்ஜின், இயந்திர அமைப்புகளுக்கு பி1 (B1). மின்னணுக் கருவிகளுக்கு பி2. கனமான செக் முடிந்து முழு விமானத்தையும் வெளியே விடுகிறவருக்கு சி. பாடங்களை மாட்யூல் மாட்யூலாக எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. பி1.1 (பி1-இல் டர்பைன் என்ஜின் விமானங்களுக்கான பிரிவு), பி2 இரண்டுக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முழுப் படிப்பு முடித்தவருக்கு 2 வருட அனுபவம் போதும், எந்தத் தொழிற்படிப்பும் இல்லாதவருக்கு 5 வருடம். லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தியாவின் விதிகளும் இந்த வார்ப்பில்தான் இருக்கின்றன. அங்கே பள்ளியில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும்.

லைசென்ஸ் வந்தாலும் முடிந்துவிடாது. ஐரோப்பிய முறையில் பெரிய விமான வகை ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தகுதி, அதாவது டைப் ரேட்டிங், வேண்டும். ஏர்பஸ் ஏ320-க்கு எடுத்தவர் போயிங் 737-க்குக் கையெழுத்துப் போட முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் மெக்கானிக்குக்கு டைப் ரேட்டிங் என்று ஒன்று இல்லை. ஆனால் அங்கேயும் விமான நிறுவனம் தன் விமானத்தில் பயிற்சி கொடுக்காமல் யாரையும் விடாது.

பி1 எடுப்பதா, பி2 எடுப்பதா?

கையில் கறை படிவது பிடித்தால் பி1. ஒரு பழுதை மணிக்கணக்காக உட்கார்ந்து துப்பறிவது பிடித்தால் பி2. இடங்களின் எண்ணிக்கையில் பி1 அதிகம். ஆனால் நல்ல பி2 ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம், புது விமானங்களில் வயரும் மென்பொருளும் கூடிக்கொண்டே போவதால் இனியும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

படிப்பு முடித்த உடனே வேலை கிடைத்துவிடுமா?

இந்தக் கேள்விக்கு விளம்பரங்கள் சொல்கிற பதில் ஒன்று, நடப்பது வேறு.

"உலகம் முழுக்க மெக்கானிக் தட்டுப்பாடு" என்று செய்தி வரும். அதே வாரம், படித்துவிட்டு எட்டு மாதமாகச் சும்மா இருக்கிறேன் என்று ஒரு பையன் எனக்கு எழுதுவான். இரண்டும் நிஜம். தட்டுப்பாடு இருப்பது கையெழுத்துப் போடக்கூடியவர்களுக்கு, அதாவது லைசென்ஸும் டைப் ரேட்டிங்கும் சில வருட அனுபவமும் சேர்ந்திருப்பவர்களுக்கு. படிப்புச் சான்றிதழ் மட்டும் உள்ளவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் அந்த நிலைக்கு வர இன்னும் சில வருடம் யாராவது தன் ஹேங்கரில் வைத்து வேலை கற்றுத்தர வேண்டும். ஒரு லைசென்ஸ்காரர் ஒரே நேரத்தில் எத்தனை கற்றுக்குட்டிகளைக் கவனிக்க முடியும்? லைசென்ஸ்காரர்களே குறைவாக இருந்தால் கற்றுக்குட்டிகளுக்கும் இடம் குறையும். வாசல் குறுகல், உள்ளே போய்விட்டால் விசாலம்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் நான்கு விஷயம் கேளுங்கள். உங்கள் அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை? (பதிலை ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.) பறந்துகொண்டிருக்கிற விமானத்தில் எத்தனை நாள் பயிற்சி, அது எந்தப் பராமரிப்பு நிறுவனத்தில், ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முந்தைய பேட்ச்சில் எத்தனை பேர் இப்போது லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள்? அந்தப் பேட்ச்சில் இரண்டு பேருடன் நான் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். வளாகத்தில் நிற்கிற பழைய விமானத்தைக் காட்டி மயக்குவார்கள். அதில் ரிவெட் அடித்துப் பழகலாம், கெட்டதில்லை. ஆனால் லைசென்ஸுக்குக் கேட்கிற அனுபவம் அதிலிருந்து வராது.

அனுபவம் எழுதும் லாக் புத்தகத்தை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக எழுதுங்கள். எந்த விமானம், எந்த வேலை, எந்தத் தேதி, மேலே இருந்தவர் கையெழுத்து. வருடக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், கையெழுத்துப் போட வேண்டியவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார் என்று தேடி அலைவார்கள். நானும் அலைந்திருக்கிறேன்.

கையெழுத்து, கையெழுத்து என்கிறீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

1990 ஜூன் 10. பர்மிங்ஹாமிலிருந்து மலாகா போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், 17,000 அடிக்கு மேல், கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். கேபின் ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இருக்க, துணை பைலட் சவுதாம்ப்டனில் இறக்கினார். நம்பவே முடியாதபடி எல்லோரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட.

அந்தக் கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாற்றியவர் ஷிஃப்ட் பொறுப்பாளர், நல்ல பெயர் உள்ளவர். விடியற்காலை 3 மணிக்கு மேல், ஆள் பற்றாக்குறையால் தானே இறங்கிச் செய்தார். கழற்றிய போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், வெளிச்சம் குறைவான ஸ்டோரில், கண்ணாலேயே ஒப்பிட்டுப் புதிய போல்ட்டுகளை எடுத்தார். பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலைக்கு மூக்குக்கண்ணாடி போட வேண்டியவர், அன்று போடவில்லை. 90 போல்ட்டில் 84 அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் ஒல்லி. மீதி 6 குட்டை. பாக எண்ணைக் கையேட்டில் பார்த்திருந்தால் சில நிமிடத்தில் தெரிந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், கழற்றிய பழைய போல்ட்டுகளும் கையேடு சொன்ன வகை இல்லை. "பழசு எப்படி இருந்ததோ அப்படியே போடு" என்கிற பழக்கம் இந்தத் தொழிலில் எவ்வளவு ஆபத்தானது என்று இதைவிடச் சொல்ல முடியாது.

அந்த வேலைக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. வேறு ஆள் சரிபார்க்க வேண்டிய பட்டியலில் முன்கண்ணாடி சேர்க்கப்படவில்லை.

இந்தக் கதையைப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லும்போது, அவர் மோசமான மெக்கானிக் இல்லை என்பதை அழுத்திச் சொல்வேன். அந்த இரவில் நானாக இருந்தாலும் அதையே செய்திருக்கலாம். நாம் கையெழுத்துப் போடுவது "இந்த வேலையைக் கையேட்டின்படி செய்தேன், இந்த விமானம் பறக்கத் தகுதியானது" என்ற வாக்கியத்துக்குக் கீழே. நன்றாகச் செய்தேன், அனுபவத்தில் சரியாகத்தான் இருக்கும் என்று எழுத அதில் இடமே இல்லை. சந்தேகம் இருந்தால் பேனாவை மூடிவிட வேண்டும். அப்படி மூடுகிறவரைத்தான் நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது, அது திட்டிக்கொண்டே கொடுத்தாலும்.

தவறு செய்தால் வேலை போய்விடுமா? ஜெயிலா?

செய்த தவறைத் தானாகச் சொன்னால் பெரும்பாலும் போகாது. மறைத்தால் போகும். தெரிந்தே விதியை மீறி விபத்து நடந்தால், நாட்டைப் பொறுத்து வழக்கும் வரலாம்.

பயிற்சியில் இருந்தபோது, ஷிஃப்ட் முடிவில் என் பெட்டியில் ஒரு 10 மில்லிமீட்டர் சாக்கெட்டைக் காணவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் பெட்டியில் அதன் வடிவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும், ஒன்று இல்லையென்றால் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். தெரியாத மாதிரி மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று ஒரு நொடி நினைத்தது உண்மை. சொன்னேன். விமானம் நின்றது. நான்கு பேர் இரண்டு மணி நேரம் என்ஜின் மூடிக்குள் கையை விட்டுத் தேடினார்கள். கடைசியில் அது என் ஓவரால் உடையின் கால் மடிப்புக்குள் இருந்தது. யாரும் திட்டவில்லை, ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த ஆறு மாதம் என் பெயர் சாக்கெட்.

உடம்புக்கு ஆபத்தான வேலையா?

கவனமாக இருந்தால் ஆபத்து குறைவு, ஆனால் உடம்பு தேயும். முழங்காலும் இடுப்பும் நாற்பது வயதில் பேச ஆரம்பிக்கும். சத்தம் காதைத் தின்னும், அதனால் பஞ்சு வேண்டாம், காதை முழுதாக மூடுகிற நல்ல மஃப் போடுங்கள்.

ஹைட்ராலிக் எண்ணெய் ஊதா நிறத்தில் இருக்கும், ஸ்கைட்ரால் என்பார்கள். தோலில் பட்டால் எரிச்சல், கண்ணில் பட்டால் அன்றைய வேலை முடிந்தது. குழாய்க்குள் அது 3,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓடும், போயிங் 787, ஏ380 போன்றவற்றில் 5,000. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைக் கிழித்து உள்ளே போகும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும்.

இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டிக்குள்ளும் போக வேண்டியிருக்கும். நீள்வட்டத் துளை ஒன்று. முதலில் ஒரு கை, பிறகு தலை, பிறகு மற்ற தோள். உள்ளே போவதற்கு முன் வாயு அளந்திருக்க வேண்டும், வெளியே ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் பயம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஜெட் என்ஜினின் முன்னால் சில மீட்டர் தூரம் வரை ஆளை உறிஞ்சும் பகுதி. அங்கே உயிர் போன சம்பவங்கள் உண்டு. தெரிந்த என்ஜின்தானே என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்லும்.

இரவு ஷிஃப்ட் கட்டாயமா?

ஆமாம். விமானம் பகலில் சம்பாதிக்கிறது, இரவில்தான் நம் கைக்கு வரும். தொடக்கத்தில் பண்டிகை நாள், விடுமுறை எதுவும் உங்களுடையதில்லை. இதை வீட்டில் உள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்கில் சுமார், ஆங்கிலமும் தடுமாற்றம். முடியுமா?

கணக்கு பள்ளி அளவு போதும். பின்னம், தசமம், அலகு மாற்றுவது தடுமாறாமல் வர வேண்டும். பவுண்டையும் கிலோவையும் குழப்பினால் விபரீதம். மின்சாரம் படிக்கும்போது கொஞ்சம் இயற்கணிதம் வரும்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். கையேடுகள் பெரும்பாலும் எளிமைப்படுத்தப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே உருவாக்கிய விதிகள் அவை: ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், குட்டி வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரே கட்டளை. நாவல் படிக்கிற ஆங்கிலம் வேண்டாம். ஆனால் "செய்யலாம்" என்பதற்கும் "செய்ய வேண்டும்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் தூக்கத்திலும் தெரிய வேண்டும்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். நிறக்குருடு கொஞ்சம் உண்டு. எடுப்பார்களா?

பைலட்டுக்கு இருப்பது போன்ற மருத்துவச் சான்றிதழ் அமெரிக்க மெக்கானிக் சான்றிதழுக்குக் கேட்பதில்லை. கண்ணாடி எங்கேயும் பிரச்சினை இல்லை. நிறம் பிரிப்பதை வேலை கொடுக்கும் நிறுவனங்கள் சோதிக்கும், குறிப்பாக வயர் வேலைக்கு. படிப்பில் சேருவதற்கு முன்பே ஒரு கண் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள், பணம் கட்டிவிட்டுத் தெரிந்தால் வலிக்கும்.

பெண்கள் சேரலாமா?

தாராளமாக. எண்ணிக்கைதான் வெட்கக்கேடு: அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற மெக்கானிக்குகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் பெண்கள். பளு தூக்க வேண்டாமா என்று கேட்பார்கள். என்ஜினை யாரும் கையால் தூக்குவதில்லை, அதற்கு ஹாயிஸ்ட் இருக்கிறது. நடைமுறைச் சிக்கல் வேறு: பல ஹேங்கர்களில் உடை மாற்றும் அறை, சரியான அளவில் ஓவரால், பாதுகாப்பு ஷூ இவை ஆண்களை மனதில் வைத்தே இருந்தன. மாறிக்கொண்டிருக்கிறது, மெதுவாக. நேர்காணலுக்குப் போகும்போது அந்த அறையைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்தாலே அங்கே ஏற்கெனவே பெண்கள் வேலை செய்கிறார்களா என்று புரிந்துவிடும்.

சரி, வேலைவாய்ப்பு எதிர்காலத்தில் எப்படி?

நன்றாக இருக்கிறது என்பதே என் கணிப்பு. ஆனால் நேர்கோடாக ஏறும் என்று நினைக்காதீர்கள்.

போயிங் 2025-இல் வெளியிட்ட கணிப்பு, 2044 வரையிலான 20 ஆண்டுகளில் உலகத்துக்குப் புதிதாக 7 லட்சத்து 10 ஆயிரம் பராமரிப்பு டெக்னீஷியன்கள் தேவை என்கிறது. பைலட்டுகள் 6 லட்சத்து 60 ஆயிரம். விமானம் விற்கிறவர்கள் போட்ட கணக்கு என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். ஆனால் அந்தக் கணிப்பில் பைலட், கேபின் ஊழியர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலையை விட்டுப் போகிறவர்களின் இடத்தை நிரப்பத்தான். எங்கள் ஹேங்கரில் டீ நேரத்தில் உட்கார்ந்து பார்த்தாலே அது தெரியும். நரைத்த தலைகள் அதிகம், நடுவயது குறைவு.

இரண்டாவது காரணம், புது விமானம் கேட்ட நேரத்துக்கு வருவதில்லை. அதனால் ஓய்வு கொடுக்க வேண்டிய பழைய விமானத்தை இன்னும் சில வருடம் ஓட்டுகிறார்கள். பழைய விமானம் என்றால் வெடிப்புத் தேடுவது, துரு சுரண்டுவது, பாகம் மாற்றுவது, எல்லாமே நமக்கு வேலை. 1988-இல் ஹவாயில் அலோஹா விமான நிறுவனத்தின் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்ந்தது. அது 89,000 முறைக்கு மேல் ஏறி இறங்கிய விமானம். அதற்குப் பிறகுதான் வயதான விமானங்களுக்குத் தனிச் சோதனைகள் கடுமையாயின.

புது விமானம் வந்தாலும் வேலை குறைவதில்லை. 2023-இல், பிராட் அண்ட் விட்னியின் புதிய தலைமுறை என்ஜின்களில், பாகம் செய்யப் பயன்பட்ட உலோகத் தூளில் கலந்த மாசு காரணமாக நூற்றுக்கணக்கான என்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டி வந்தது. என்ஜின் பழுதுபார்க்கும் பட்டறைகளில் வரிசை மாதக்கணக்கில் நீண்டது. போரோஸ்கோப் (என்ஜினுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமரா) பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அன்றிலிருந்து நல்ல காலம்.

மறுபக்கம் 2020. உலகப் பயணிகள் விமானங்களில் பாதிக்கு மேல் தரையில் நின்றன. நிற்கிற விமானத்துக்கும் பராமரிப்பு உண்டு: துளைகளை மூட வேண்டும், சக்கரத்தை உருட்டி வைக்க வேண்டும், அவ்வப்போது என்ஜினை ஓட்ட வேண்டும். ஆனாலும் பல நிறுவனங்கள் ஆளை அனுப்பின. போனவர்களில் பலர் காற்றாலை, ரயில், லிஃப்ட் பக்கம் போய்த் திரும்பி வரவே இல்லை. இன்றைய தட்டுப்பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம். இந்தத் தொழிலில் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு அடி விழும் என்று கணக்கில் வைத்துக்கொண்டு, ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

எல்லோரும் விமான நிறுவனத்தையே பார்க்கிறார்கள். என்ஜின் பட்டறைகள், லேண்டிங் கியர் (சக்கரத் தொகுதி) பட்டறைகள், ஹெலிகாப்டர், தனியார் ஜெட், பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றும் இடங்கள், இவற்றையும் பாருங்கள். இன்னொன்று யாருக்கும் தோன்றாது. உலக விமானங்களில் ஏறத்தாழப் பாதி வாடகைக்கு எடுத்தவை. திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் பிறந்த நாளிலிருந்து காகிதம் காட்ட வேண்டும். இறக்கையில் கைவைத்த அனுபவமும் காகிதம் பார்க்கிற பொறுமையும் ஒன்றாக உள்ளவருக்கு அங்கே நல்ல மதிப்பு.

ரோபோவும் ஏஐயும் வந்து இந்த வேலையைப் பிடுங்கிவிடாதா?

டிரோன் உடம்பைச் சுற்றிப் படம் எடுக்கிறது. போரோஸ்கோப் படத்தில் பிளேடின் விளிம்புச் சேதத்தை மென்பொருள் குறித்துக் காட்டுகிறது. எந்தப் பாகம் எப்போது கெடும் என்று விமானமே முன்கூட்டிச் சொல்கிறது. இதெல்லாம் நல்லதுதான், ஏணியில் ஏறி இறங்குவது குறையும். ஆனால் கழற்ற வேண்டியதை ஒரு கை போய்க் கழற்ற வேண்டும், கடைசியில் ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும், விதி அப்படி. கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆன 787-இன் உடம்பில் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று பார்க்க எத்தனையோ கருவி வந்துவிட்டது. முதல் சந்தேகத்துக்கு இன்னும் ஒரு நாணயத்தை வைத்துத் தட்டிப் பார்க்கிறோம். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும், பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும்.

சம்பளம்?

தொகை நாட்டுக்கு நாடு மாறும், எப்படி ஏறும் என்பது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று. படிப்புக்கும் லைசென்ஸுக்கும் நடுவே இருக்கிற வருடங்களில் கை கடிக்கும். லைசென்ஸ் வந்த அன்று ஒரு படி, டைப் ரேட்டிங் வந்து நிறுவனம் கையெழுத்து அதிகாரம் கொடுத்த அன்று பெரிய படி. ஒவ்வொரு கூடுதல் டைப்புக்கும் கொஞ்சம் ஏறும். மீதி ஷிஃப்ட் அலவன்ஸும் ஓவர்டைமும். டைப் பயிற்சிக்கு நிறுவனம் செலவு செய்தால் பாண்ட் எழுதி வாங்கும். எத்தனை வருடம், நடுவில் போனால் எவ்வளவு, நிறுவனமே அனுப்பினால் என்ன என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதுவும் கையெழுத்துதான்.

கார் மெக்கானிக்காகப் பத்து வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மாறலாமா?

கை பழகியிருப்பது பெரிய லாபம். மறக்க வேண்டியது ஒன்று உண்டு: கை உணர்விலேயே நட்டை இறுக்குகிற பழக்கம். இங்கே இறுக்கும் விசையை அளக்கிற டார்க் ரென்ச் வைத்து, எழுதியிருக்கிற அளவுக்குத்தான் இறுக்க வேண்டும், அந்த ரென்ச் சோதிக்கப்பட்ட தேதியும் தாண்டியிருக்கக் கூடாது. அதற்கு மேல் பல இடங்களில் லாக் வயர் கட்ட வேண்டும். நட்டு தளர நினைத்தால் வயர் அதை இறுக்கும் பக்கம் இழுக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் வயர் அழகாக இருக்கும், பயன் இருக்காது. பத்து வருட அனுபவசாலிகள் முதல் வாரம் இதில்தான் கடுப்பாவார்கள்.

இலவசமாகப் பறக்கலாமா?

விமான நிறுவனத்தில் வேலை என்றால் பல இடங்களில் சலுகை டிக்கெட் உண்டு, காலி சீட் இருந்தால். லீவு கிடைக்கிற நாளில் சீட் காலியாக இருக்காது.

முதல் நாள் என்ன எடுத்துக்கொண்டு போவது?

கருவி எதுவும் வேண்டாம். சொந்தக் கருவியைப் பல இடங்களில் விமானத்துக்கு அருகே விடமாட்டார்கள். சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று, அதோடு கயிறு கட்டிய பேனா, என்ஜினுக்குள் விழாமல் இருக்க. நல்ல டார்ச் ஒன்று, கழுத்துப் பட்டையுடன். மோதிரத்தையும் உலோக வாட்சையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஏணியிலிருந்து குதிக்கும்போது மோதிரம் எங்காவது மாட்டினால் விரல் அங்கேயே நின்றுவிடும். பேட்டரி முனையில் பட்டால் மோதிரம் பழுக்கக் காய்ந்துவிடும். கல்யாண மோதிரமாச்சே என்று முதல் நாள் தயங்குகிறவர்கள் உண்டு. எங்கள் லாக்கர் கதவின் உள்பக்கம் வரிசையாக ஆணி அடித்து வைத்திருக்கிறோம், அங்கே மாட்டிவிட்டு வரலாம்.